மெஷின் "வாட்டர் 6"ன்னு காட்டுது, ஆனா அந்தம்மா தண்ணி ஊத்துனாங்கன்னு சொன்னது யாருங்க?

பனங்காட்டுக்காரி:

வணக்கம்ங்க. பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்கு கிழக்கால, கேரளா-தமிழ்நாடு பார்டர ஒட்டுனாப்ல இருக்கற ஒரு பால் சொசைட்டில காலைலயும் பொழுதோடவும் கம்ப்யூட்டர்ல உக்கார்றது நான்தான். பிசிஏ முடிச்சுட்டு இப்ப கரஸ்ல எம்ஏ பிலாசபி படிக்கறேன் (ரெண்டுக்கும் என்னடி சம்பந்தம்னு வீட்ல கேக்காத ஆளில்ல). அதுல கம்ப்யூட்டர் எதிக்ஸ்னு ஒரு பேப்பர் இருக்குதுங்க. புக்குல போட்டிருக்கறது ஒரு பக்கம், எங்க சன்னலுக்கிட்ட நடக்கறது ஒரு பக்கம்னு மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்குது, அதான் இங்க கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். பால் கொண்டாந்தா மொதல்ல தராசுல ஊத்துவாங்க, லிட்டர் கணக்கு ஏறிரும். அதுலருந்து சின்ன டம்ளர்ல சாம்பிள் எடுத்து அனலைசர் (பால் தரத்த அளக்கற மெஷின்) குழாய்க்கு அடியில வெச்சா கொஞ்ச நேரத்துல ஃபேட், எஸ்என்எப் (கொழுப்பும் தண்ணியும் போக பால்ல இருக்கற மத்த சத்து), டிகிரி (பாலோட அடர்த்தி), கடைசியா வாட்டர்னு ஒரு வரி, எல்லாம் தானா கம்ப்யூட்டருக்கு வந்துரும். நான் மெம்பர் நம்பர் அடிச்சா போதும், ரேட் சார்ட்ட பாத்து அதுவே வெலைய போட்டு சீட்டு அடிச்சுக் குடுத்துரும். வரிசையில நிக்கறவங்களுக்கு தெரியறாப்ல சன்னலுக்கு மேல செவப்பு லைட்டு டிஸ்ப்ளே ஒண்ணு மாட்டியிருக்காங்க.

போன வாரம் ஒரு வயசான ஆத்தா, ஒரே ஒரு கறவைதான் அவங்களுக்கு, பால ஊத்துனாங்க. எஸ்என்எப் 7.8, வாட்டர் 6ன்னு டிஸ்ப்ளேல ஓடுச்சு. எப்பவும் அந்த வரில சைபர்தான் நிக்கும். பின்னால நின்ன ஒரு ஆளு அத சத்தமா படிச்சு "ஆத்தா, மூலத்தறை வாய்க்கா உங்கூட்டு வழியாத்தான் போகுதாட்ட இருக்குது"ன்னு சொல்ல, வரிசையே சிரிச்சுது. அந்தம்மா சிரிக்கல. "என்ர மாட்டு மேல சத்தியமா ஒரு சொட்டு ஊத்தலீங்கம்மிணி"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. செக்ரட்டரி உள்ள இருந்தே "நாங்க ஒண்ணும் சொல்லலீங்காத்தா, மெஷின் அப்படி காட்டுது"ன்னுட்டாரு. இந்த வசனத்த அவரும் சொல்லுவாரு, நானும் சொல்லுவேன், பேங்க்ல போனா அவங்களும் சொல்றாங்க, ரேஷன் கடைல கைரேகை விழலைன்னா அங்கயும் இதேதான்.

என்ர கேள்வி என்னன்னா, அந்தம்மாவ அங்க குத்தம் சொன்னது யாரு? மெஷினா? மெஷினுக்கு தண்ணின்னா என்ன, திருட்டுன்னா என்னன்னு ஏதாச்சும் தெரியுமா? சாப்ட்வேர் எழுதுன ஆளு எந்த ஊர்ல இருக்கானோ, இந்தம்மா மூஞ்சிய அவன் பாத்ததே இல்ல. செக்ரட்டரி "நான் சொல்லல"ங்கறாரு, நான் நம்பர் அடிச்சதோட சரி. எல்லாரும் ஒதுங்கிக்கிட்டா பொறுப்பு எங்க போய் நிக்குதுங்க? இல்ல யாரு மேலயுமே நிக்காத குத்தச்சாட்டுன்னு இனிமே ஒண்ணு இருக்குமா? இன்னொண்ணு, அந்த ரீடிங்க எடிட் பண்ற ஆப்ஷன் சாப்ட்வேர்ல செக்ரட்டரி லாகின்ல இருக்குது. அதனால "மெஷின்தான் முடிவு பண்ணுது"ங்கறதும் முழுசா நெசமில்லியே.

சும்மா ஆறுதலுக்கு வேண்டாம்ங்க, விவாதமாவே சொல்லுங்க.

---

வறட்டுவாதம்:

சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க மெஷின் வர்றதுக்கு முந்துன சொசைட்டிய பாத்ததில்லைன்னு நினைக்கிறேன். எங்க அப்பா காலத்துல டெஸ்டர்னு ஒருத்தர் இருப்பார், அடர்த்தி பாக்கற லாக்டோமீட்டர பால்ல மிதக்க விட்டு கண்ணால பாத்து டிகிரி சொல்லுவார். பங்காளி கேன்னா 28, ஆகாத ஆள் கேன்னா 25, காலனிக்காரங்க கேன்ன தள்ளி நின்னே பாத்துட்டு நோட்டுல எழுதுவார். கேட்டா என்ன ஆகும்? அடுத்த நாள் இன்னும் ரெண்டு டிகிரி கொறையும். இப்ப அந்த மெஷினுக்கு சாதி தெரியாது, கட்சி தெரியாது, யாரு பிரசிடெண்டுக்கு ஓட்டு போட்டாங்கன்னு தெரியாது. 1946ல குஜராத்துல ஆரம்பிச்ச கூட்டுறவு மாடலோட பெருமையே எல்லாரும் ஒரே வரிசைல நிக்கணும், தரத்துக்கு காசுங்கறதுதானே. ஏழைக்கு மெஷின் ஒரு பாதுகாப்பு. ஒரு நாள் ஒருத்தருக்கு 6ன்னு காட்டுச்சுன்னு பிலாசபி பேசி அதையும் புடுங்கிராதீங்க.

தண்ணி ஊத்தறவங்க எல்லாருமே மாட்டு மேல சத்தியம் பண்ணிட்டுத்தான் ஊத்தறாங்க, அதையும் சொல்லிக்கறேன்.

---

பழைய லேப்காரன்:

அம்மிணி, நான் பொள்ளாச்சி பக்கம் குளிரூட்டு நிலையத்துல லேப்ல இருந்து ரிட்டையர் ஆனவன். தத்துவம் எனக்கு தெரியாது, பால் தெரியும். வறட்டுவாதம் தம்பி சொல்ற பழைய டெஸ்டர் கதை அத்தனையும் நெசம், நானே பாத்திருக்கேன். ஆனா அந்த மெஷின் என்ன பண்ணுதுன்னு தெரியாமயே ரெண்டு பேரும் பேசறீங்க, மொதல்ல அத சொல்றேன்.

பால்ல தண்ணி கலந்திருக்குதான்னு முறையா பாக்கணும்னா பால உறைய வெச்சு பாக்கணும், கிரயோஸ்கோப்னு அதுக்கு தனி கருவி. சுத்தமான பசும்பால் சைபருக்கு கீழ அரை டிகிரிக்கு சித்த மேல போனாத்தான் உறையும், தண்ணி சேர சேர அந்த புள்ளி சைபர நோக்கி ஏறும். உங்க சன்னல்ல இருக்கறது பெரும்பாலும் சவுண்டு டைப் மெஷினா இருக்கும், அல்ட்ராசானிக். அது எதையும் உறைய வெக்கறதில்ல கண்ணு. பாலுக்குள்ள சத்தத்த விட்டு, ரெண்டு வேற வேற சூட்டுல அது எவ்வளவு வேகத்துல போகுதுன்னு பாத்து, அதுலருந்து ஃபேட் இவ்வளவு எஸ்என்எப் இவ்வளவுன்னு ஒரு கணக்கு போடுது. அந்த கணக்குலருந்து உறையற புள்ளி இவ்வளவு இருக்கும்னு இன்னொரு கணக்கு. அந்த புள்ளிய உள்ள செட்டிங்ல போட்டு வெச்சிருக்கற ஒரு நம்பரோட ஒப்பிட்டு மூணாவதா ஒரு கணக்கு, அதுதான் உங்க வாட்டர் வரி. செட்டிங்ல மைனஸ் 0.520ன்னு வெச்சிருந்து, கணக்குல மைனஸ் 0.489 வந்துச்சுன்னு வைங்க, வித்தியாசம் 0.031, அத 0.520ல வகுத்தா கிட்டத்தட்ட 6 பர்சென்ட். ஆக "6"ங்கறது மெஷின் பாத்த தண்ணி இல்ல. எஸ்என்எப் கொறைஞ்சா, எதனால கொறைஞ்சாலும் சரி, அந்த வரில நம்பர் ஏறும்.

எதனால கொறையும்? தண்ணி ஊத்துனா கொறையும், மறுக்கல. மடிநோய் உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருந்தாலும் கொறையும், வெளிய வீக்கமே தெரியாது, பால் பாக்க நல்லாத்தான் இருக்கும். மடிநோய்ல பால் சக்கரை கொறைஞ்சு உப்பு ஏறிக்கும், அதனால நெசமா உறைய வெச்சு பாத்தா புள்ளி பெருசா மாறாது, கிரயோஸ்கோப் அந்தம்மாவ விட்டுரும், உங்க மெஷின் புடிச்சுக்கும். தீவனம் பத்தாம மாடு எளைச்சாலும் கொறையும், உங்க ஏரியா மழை மறைவு, சித்திரை வைகாசில சோளத்தட்டுக்கே ததிங்கிணத்தோம். கறந்த நுரையோட சாம்பிள் வெச்சா காத்துக்குமிழி சத்தத்த கெடுத்து ரீடிங் கண்டபடி போகும். இன்னொண்ணு ரொம்ப பேரு கவனிக்கறதில்ல, மெஷின கழுவுன தண்ணி குழாய்ல கொஞ்சமா நின்னாக்கூட அடுத்து வர்ற சாம்பிள்ல அது சேந்துக்கும். மொத சாம்பிள வெளிய தள்ளிட்டு ரெண்டாந்தடவ வெக்கறதுதான் நான் பசங்களுக்கு சொல்லிக் குடுத்தது.

எங்க காலத்துல கொழுப்பு பாக்க கெர்பர் டெஸ்ட். சுவிஸ்காரர் ஒருத்தர் 1891ல கொண்டு வந்தது. ஆசிட் 10 மில்லி, பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி, சுத்தி எடுத்தா கொழுப்பு மஞ்சளா மேல ஏறி நிக்கும். "பாருங்க, கோடு இங்க நிக்குது"ன்னு அந்த குழாய விவசாயி கைலயே குடுக்கலாம், அவரு வெளிச்சத்துல புடிச்சு பாத்துட்டு சண்டை போடுவாரு. சண்டை போட ஒரு பொருள் இருந்துச்சு. தராசுக்கு வருசா வருசம் முத்திரை போடறாங்க, நான் பாத்த வரைக்கும் அனலைசர் மேல அப்படி ஒரு முத்திரைய நான் கண்டதில்ல.

---

நூலகத்துப் பூனை:

லேப்காரர் ஐயா, நீங்க தத்துவம் தெரியாதுன்னு சொல்லிட்டு பாதி தத்துவத்த முடிச்சிட்டீங்க. மீதி நான் (கோவைல ரிசர்ச் பண்றேன், எதிக்ஸ்தான் ஏரியா).

பனங்காட்டுக்காரி, உங்க பேப்பர்ல ஜேம்ஸ் மூர்னு ஒரு தத்துவக்காரர் வருவார்னு நினைக்கிறேன். 1985ல அவர் எழுதுன கட்டுரைலதான், கம்ப்யூட்டர் புதுசா கொண்டு வர்ற சிக்கல் என்ன, பழைய ஒழுக்க விதிகளே போதாதான்னு தெளிவா கேட்டாங்க. அவர் சொல்ற ஒரு விஷயம், கம்ப்யூட்டர் வேலைல பெரும்பங்கு கண்ணுக்கு தெரியாம நடக்குது, அந்த மறைவுல மூணு வகை இருக்கு. வேணும்னே பண்ற திருட்டு ஒண்ணு. மனுசனால சரிபாக்கவே முடியாத அளவு பெரிய கணக்கு இன்னொண்ணு. இதுக்கு நடுவுல உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது, புரோகிராம் எழுதறவங்க தெரிஞ்சோ தெரியாமலோ உள்ள வெச்சுட்டுப் போற மதிப்பீடுகள். விமான டிக்கெட் சிஸ்டத்த உதாரணம் காட்டுவார், அமெரிக்கன் ஏர்லைன்ஸோட சிஸ்டம் அவங்க விமானத்தையே மொதல்ல காட்டுச்சு, ஏஜெண்டுக்கு அது சாதாரண லிஸ்டாத்தான் தெரியும். உங்க மைனஸ் 0.520 இந்த வகைல வருது. பொய்யின்னு சொல்ல முடியாது, ஆனா யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து "நல்ல பால்னா இப்படித்தான் இருக்கணும்"னு எடுத்த முடிவு. அதவிட பெரிய முடிவு அந்த வரிக்கு "வாட்டர்"னு பேர் வெச்சது. "எஸ்என்எப் கம்மி, காரணம் பாக்கவும்"னு காட்டியிருந்தா அன்னைக்கு வரிசை சிரிச்சிருக்குமா? மெஷின் எடுத்தது ஒரு அளவு. குத்தச்சாட்டு அந்த லேபிள்ல இருக்கு, அத சத்தமா படிச்ச ஆள்கிட்ட இருக்கு, விளக்கம் கேட்ட அம்மாகிட்ட விளக்காம விட்ட ஆபீஸ்ல இருக்கு. இது எல்லாமே மனுசங்க செஞ்ச வேலை.

பொறுப்பு எங்க போச்சுன்னு கேட்டீங்க. ஹெலன் நிசன்பாம் 1996ல இதையேதான் எழுதினாங்க, கம்ப்யூட்டர் வந்த எடத்துல எல்லாம் பதில் சொல்ற ஆள் எப்படி காணாம போறாங்கன்னு. அவங்க சொல்ற நாலு காரணமும் உங்க சொசைட்டில இருக்கு. பல கை பட்ட வேலைங்கறது ஒண்ணு, மெஷின் செஞ்ச கம்பெனி, கேலிபரேஷன் பண்ண வந்த ஆள், சாப்ட்வேர், மேல இருந்து வர்ற ரேட் சார்ட், செக்ரட்டரி, நீங்கன்னு. சாப்ட்வேர்னா பிழை இருக்கத்தான் செய்யும்னு எல்லாரும் பழகிக்கறது அடுத்தது. விக்கறவன் ஓனர் நான்தான்னு காசு வாங்கிக்குவான், நஷ்டத்துக்கு நான் பொறுப்பில்லன்னு லைசென்ஸ்ல எழுதிக்குவான், அது ஒண்ணு. பழிய கம்ப்யூட்டர் மேல போடறது மிச்சம் உள்ளது, அதத்தான் உங்க செக்ரட்டரி தினமும் பண்றார்.

இதுல எதுவும் "யாரும் பொறுப்பில்ல"ன்னு நிரூபிக்கல, கவனிங்க. பல பேர் சேந்து ஒரு காரியம் பண்ணா பொறுப்ப பங்கு போட்டு ஆளுக்கு துளின்னு கரைச்சிர முடியாது. ஒவ்வொருத்தரும் அவங்க தெரிஞ்சிக்கிட்டிருக்க வேண்டியதுக்கு முழுசா பொறுப்பு. வாட்டர் வரி எப்படி வருதுன்னு தெரிஞ்சிருக்க வேண்டிய ஆள் ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் இருக்கணும், "தெரியாது"ன்னு சொல்றதே அங்க ஒரு குறை.

மெஷினையே பொறுப்பாக்க முடியுமான்னா, ஃப்ளோரிடியும் சாண்டர்ஸும் 2004ல கிட்டத்தட்ட அந்தப் பக்கம் போறாங்க. ஒரு புரோகிராம் கெடுதலுக்கு மூலமா இருக்கலாம், அத நிறுத்தலாம் திருத்தலாம், ஆனா மனுசன் மேல போடற மாதிரி பழி போட வேண்டியதில்லன்னு பிரிச்சு சொல்றாங்க. டெபோரா ஜான்சன் 2006ல இதுக்கு ஒத்துக்கல. கம்ப்யூட்டருக்கு ஒழுக்க விவகாரத்துல எடம் உண்டு, ஆனா அது தனியா நின்னு செயல்படற ஆள் இல்ல, அதுக்குள்ள செஞ்சவனோட நோக்கமும் பயன்படுத்தறவனோட நோக்கமும் தான் ஓடிட்டிருக்குங்கறாங்க. எனக்கு ஜான்சன் பக்கம்தான் சாய்வு. ஃப்ளோரிடி சொல்றத நம்ம ஊர் ஆபீஸ்ல விட்டீங்கன்னா மறுநாளே அத சட்டம் போட்டு மாட்டிருவாங்க, "மெஷின் பொறுப்பு, கேள்வி கேக்காதீர்"ன்னு.

வறட்டுவாதம் சொன்னதுல ஒரு பாயிண்ட ஒத்துக்கறேன், மெஷினுக்கு சாதி தெரியாதுங்கறது சின்ன விஷயமில்ல. ஆனா பழைய டெஸ்டர் தப்பு பண்ணா "அவன் பண்ணான்"னு விரல் நீட்ட ஒரு ஆள் இருந்தான். இப்ப விரல எங்க நீட்டறதுன்னு தெரியல, அது ஏழைக்கு பாதுகாப்பான்னு யோசிங்க.

---

வறட்டுவாதம்:

விரல் நீட்டி என்ன கண்டோம் பூனை சார். பழைய டெஸ்டர் ரிட்டையர் ஆகற வரைக்கும் அதே சேர்லதான் இருந்தார். இப்பவாச்சும் சீட்டுன்னு ஒண்ணு கைக்கு வருது, பத்து சீட்ட அடுக்கி வெச்சு கேள்வி கேக்கலாம். எங்க அப்பாகிட்ட என்ன இருந்துச்சு கேக்கறதுக்கு?

---

குப்பத்தான்:

அக்கா வணக்கம். நான் குப்பம், ஆந்திரா. இங்க சித்தூர் ஜில்லால பால்தான் பாதி வீட்டுக்கு சோறு, சொசைட்டி கம்மி, பிரைவேட் டெய்ரி ஏஜெண்டுங்கதான் ஊருக்கு ரெண்டு மூணு பேரு. மெஷின் எல்லார்கிட்டயும் இருக்கு. எங்க ஊர் ஏஜெண்ட் ஒருத்தன் மெஷின்ல பசு எருமைன்னு தனித்தனி மோட் இருக்கு பாருங்க, அத மாத்தி மாத்தி போடுவான், தப்பான மோட்ல வெச்சா ரீடிங் தப்பாத்தான வரும். யாருக்கும் தெரியாது. எங்க மாமா ஒருநாள் ஒரே கேன்லருந்து ரெண்டு சொம்புல பால எடுத்து, ஒண்ண தன் பேர்ல, இன்னொண்ண பக்கத்து வீட்டு பேர்ல ஊத்துனார். ரெண்டு ரீடிங் வந்துச்சு. சீட்ட ரெண்டையும் கொண்டு போய் நீட்டுனா ஏஜெண்ட் "மெஷின் சூடாயிருச்சுண்ணா"ங்கறான். மெஷினுக்கு சூடு வருது, அவனுக்கு வெக்கம் வரல.

அதனால வறட்டுவாதம் அண்ணன் சொல்ற "மெஷினுக்கு ஆள் தெரியாது"ங்கறது பாதிதான். மெஷினுக்கு தெரியாது, பட்டன அமுக்கறவனுக்கு நல்லா தெரியும். முன்னாடி ஓரவஞ்சனை பண்ணா முகத்துல தெரியும், இப்ப பிரிண்ட் ஆகி வருது, பிரிண்ட்ல வந்துட்டா எங்க ஊர்ல பெருசுங்க பேசவே மாட்டாங்க. படிப்பில்லாதவங்களுக்கு பேப்பர்னாலே கவர்மெண்ட்டுனு ஒரு பயம்.

சீட்டு எந்த பாஷைல வருது உங்க ஊர்ல? இங்க தெலுங்கும் இல்ல தமிழும் இல்ல, இங்கிலீஷ்தான்.

---

பக்_புடிக்கறவன்:

எனக்கு ஊர் வண்ணாமடை, இப்ப பெங்களூர்ல டெஸ்டிங்ல இருக்கேன், அதாவது சாப்ட்வேர்ல தப்பு கண்டுபுடிக்கறதுதான் என் சோறு. இந்த திரெட்ட பாத்ததும் எனக்கு இங்கிலாந்து போஸ்ட் ஆபீஸ் கதைதான் ஞாபகம் வந்துச்சு, தெரியாதவங்க தேடிப் பாருங்க, ஹொரைசன்னு ஒரு சிஸ்டம். 1999லருந்து சின்னச் சின்ன ஊர் போஸ்ட் ஆபீஸ்ல எல்லாம் மாட்டுனாங்க. கணக்கு முடிக்கறப்ப கம்ப்யூட்டர்ல காட்டற காசுக்கும் கல்லாவுல இருக்கற காசுக்கும் வித்தியாசம் வரும், சாப்ட்வேர் பிழையால. ஆனா அங்க சட்டத்துல, எதிரா ஏதாச்சும் காட்டுற வரைக்கும் கம்ப்யூட்டர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கும்னு ஒரு அனுமானம். பிழை இருக்குன்னு நிரூபிக்க வேண்டியது அந்த கடைக்கார போஸ்ட் மாஸ்டர், அவர்கிட்ட சாப்ட்வேரோட கோடும் கிடையாது, உள்ள என்ன நடந்துச்சுங்கற லாக் பதிவும் கிடையாது. 900 பேருக்கு மேல குத்தவாளியாக்கிட்டாங்க, அதுல கொஞ்சம் பேர் ஜெயிலுக்கு போனாங்க, சில பேர் உசிர விட்டுட்டாங்க. 2019ல கோர்ட் அந்த சிஸ்டத்துல பிழை இருந்துச்சுன்னு சொல்லி, 2024ல தனிச்சட்டம் போட்டு மொத்தமா தண்டனைய ரத்து பண்ண வேண்டியதாச்சு.

அதுல என்ன உறுத்துச்சுன்னா, உதவிக்கு போன் பண்ணவங்கள்ல நெறைய பேருக்கு "உங்களுக்கு மட்டும்தான் இந்த பிரச்சினை, வேற யாரும் சொல்லலையே"ன்னு பதில் வந்திருக்கு. ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான்னு நெனைச்சு தனித்தனியா மாட்டிக்கிட்டாங்க. பால் வரிசைலயும் அதேதான நடக்குது. எல்லாருக்கும் சைபர் காட்டற எடத்துல ஒருத்தருக்கு 6 காட்டுனா சிரிப்பு வருது.

டெஸ்டரா ஒண்ணு கேக்கறேன். அந்த செக்ரட்டரி லாகின் எடிட்டுக்கு லாக் இருக்கா? யார், எப்ப, என்ன நம்பர என்னவா மாத்துனாங்கன்னு எங்கயாச்சும் பதியுதா? பதியலைன்னா மெஷின் சுத்தமா, செட்டிங் சரியாங்கற பேச்சே வேஸ்ட், ரெக்கார்டு மொத்தமே நம்பக்கூடியது இல்ல.

---

சின்ன_வக்கீல்:

டிஸ்ப்ளே பத்தி யாருமே பேசல. விவசாயி எடைய தானே பாத்துக்கணும், ஏமாத்தக்கூடாதுன்னு மாட்டுன டிஸ்ப்ளே அது. எடைக்கு அது நியாயம். அதே பெட்டில வாட்டர் வரியும் ஓடுறப்ப அது ஊருக்கு முன்னால தீர்ப்பு படிக்கற மாதிரி ஆயிருது. ஒரு தகவல் எந்த எடத்துல யாருக்குப் போகணும்னு ஒரு வழக்கம் இருக்கு, அத மீறினாத்தான் அந்தரங்கம் போச்சுங்கறது, மறைச்சு வெக்கறது மட்டுமே அந்தரங்கம் இல்ல. இதுவும் பூனை சொன்ன அதே நிசன்பாம் அம்மாவோட கருத்துதான். நம்ம நாட்டுல 2023ல வந்த தனிநபர் தரவு சட்டத்துலயும், ஒருத்தர பாதிக்கற முடிவுக்கு ஒரு தரவ பயன்படுத்துனா அது சரியா முழுசா இருக்கறத பாத்துக்க வேண்டியது வெச்சிருக்கறவங்க கடமைன்னு இருக்கு. மெம்பர் நம்பரோட சேந்த ரீடிங் அந்தம்மாவோட தரவுதான்னு வாதாடலாம். பால் சொசைட்டி கேஸ் ஒண்ணு கோர்ட்டுக்கு வந்தா சுவாரசியமா இருக்கும், ஆனா எந்த ஆத்தா கோர்ட்டுக்கு வரப்போறாங்க.

---

பனங்காட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்வளவு வரும்னு நெனைக்கல.

குப்பத்தான் தம்பி, சீட்டு இங்கயும் இங்கிலீஷ்தான், மெனு மலையாளத்துலயும் இருக்குது, தமிழ் கெடையாது. ஊத்தறவங்க பாதிக்கு மேல எங்கள மாதிரி தமிழ்க்காரங்க, சீட்ட வாங்கி மடியில சொருகிட்டு "எவ்வளவு ஆச்சு அம்மிணி"ன்னு எங்கிட்டதான் கேப்பாங்க. பக்_புடிக்கறவன் அண்ணா, எடிட் பண்ணா பழைய நம்பர் எங்கயும் நிக்கறதில்லீங்க, நான் தேடிப் பாத்துட்டேன், புது நம்பர்தான் இருக்குது.

லேப்காரர் ஐயா, நீங்க குழாய்ல தண்ணி நிக்கும்னு சொன்னதப் படிச்சதும் எனக்கு ஒண்ணு தட்டுச்சு. அந்த ஆத்தாவுக்கு வீடு சொசைட்டிக்கு பின்னாலயேதான், காலைல ஷட்டர் தொறக்கறப்பவே நிப்பாங்க, எப்பவும் வரிசைல மொத ஆளு அவங்கதான். அன்னைக்கு சாம்பிள எடுத்து வெக்கல, மறுபடி பாக்க வழியில்ல. மடிநோயாக்கூட இருக்கலாம், டாக்டர் வந்து பாக்கல. இதெல்லாம் செக்ரட்டரிகிட்ட பொறுமையா சொன்னேன். அவரு கெட்டவரில்லீங்க, கேட்டாரு, மெஷின் கம்பெனி ஆளுக்கு போன் போட்டாரு. அவன் வந்து லேப்டாப்ப சொருகி டிஸ்ப்ளேலருந்தும் சீட்டுலருந்தும் வாட்டர் வரிய எடுத்துட்டுப் போயிட்டான். பிரச்சினை முடிஞ்சுதுன்னு அவருக்கு நிம்மதி. ஆனா கம்ப்யூட்டருக்குள்ள அது இன்னும் பதிஞ்சுட்டுதான் இருக்குது, மாசக்கடைசி ரிப்போர்ட்ல மெம்பர் வாரியா வருது. முன்னால ஊரே பாத்துச்சு, அந்தம்மாவும் பாத்தாங்க, சத்தியமாச்சும் பண்ண முடிஞ்சுது. இப்ப அவங்கள தவுத்து மத்த எல்லாரும் பாக்கலாம். இது முன்னைக்கு மேலா கீழான்னு சொல்லுங்க பூனை சார், நெசமா எனக்கு புடிபடல.

அந்தம்மா இப்ப எங்க சொசைட்டிக்கு வர்றதில்ல. பார்டர் தாண்டி அந்தப் பக்கம் வண்டி வந்து எடுக்கறாங்க, அங்க ஊத்தறாங்க. அங்கயும் அனலைசர்தான்.

---

நூலகத்துப் பூனை:

கீழுங்க, சந்தேகமே வேண்டாம். மூர் சொன்ன மறைவ இப்பதான் உங்க ஆபீஸ் முழுசா உண்டாக்கியிருக்கு. அவமானம் போச்சு, அதோட எதிர்த்துப் பேசற வாய்ப்பும் போயிருச்சு. வரி சீட்டுல இருக்கட்டும், டிஸ்ப்ளேல வேண்டாம், "வாட்டர்"ங்கற லேபிள் ரெண்டுலயும் வேண்டாம்.

---

வறட்டுவாதம்:

இதுல பூனை சார் கூட நான் ஒத்துப் போறேன். எனக்கே ஆச்சரியமா இருக்கு. ரிப்போர்ட்ல பேர் ஏறுதுன்னா அந்தாளுக்கு சீட்டுலயும் ஏறணும்.

---

பழைய லேப்காரன்:

அம்மிணி, லேபிள மாத்தறது கம்பெனிக்காரன் கைல, அத அப்பறம் பாருங்க. நாளைக்கு காலைல நீங்களே பண்ணக்கூடியத சொல்றேன். ஷட்டர் தொறந்ததும் வரிசைய கூப்புடறதுக்கு முன்னால உங்கூட்டு மாட்டுப்பால் ஒரு டம்ளர் வெச்சு ரெண்டு தடவ ஓட்டுங்க, மொத ரீடிங்க விட்டுருங்க, ரெண்டாவத ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. சாம்பிள் பாட்டில் பழசு ஸ்டோர்ல கெடக்கும், தேடுங்க. எஸ்என்எப் 8.3க்கு கீழ வந்தா அந்த பால மட்டும் ஒரு பாட்டில்ல புடிச்சு நம்பர் ஒட்டி பொழுதோட வரைக்கும் ஐஸ்ல வைங்க, கேக்கறவங்களுக்கு லாக்டோமீட்டர் போட்டு அவங்க கண்ணு முன்னால காட்டுங்க. செக்ரட்டரி லாக்டோமீட்டர் எங்கன்னு கேட்டா எங்கிட்ட ரெண்டு இருக்குது, பொள்ளாச்சி வந்தா வாங்கிக்கலாம். அப்பறம் அந்த ஆத்தா மாட்ட டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டச் சொல்லுங்க, பால் எங்க ஊத்துனாலும் சரி.